பூட்டிய பீரோவும் கணக்கு வாத்தியாரும்

நான் படித்த கல்லூரியின் நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோக்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் பூட்டு. சாவிக்கொத்து ஒருவரிடம் மட்டும் இருக்கும். புத்தகம் வேண்டுமென்றால் ஒரு துண்டுச்சீட்டில் ஆசிரியர் பெயர், தலைப்பு, எண் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் உள்ளே போவார், வருவார். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார்.

ஒருநாள் எனக்குச் சிற்றிலக்கியங்கள் பற்றிய ஒரு தடித்த புத்தகம் தேவைப்பட்டது. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

"அது இல்ல தம்பி."

"சார், கண்ணாடி வழியா தெரியுதே. மூணாவது தட்டுல இருக்கு."

"அது ரெஃபரன்ஸ் காப்பி. எடுக்க முடியாது."

"இங்கயே உட்கார்ந்து பார்த்துட்டுத் தர்றேன் சார்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தொலைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க. நீ பரீட்சை எழுதிட்டுப் போயிடுவ. நான் இங்கதான இருக்கணும்?"

அன்றைக்கு அவர்மீது எனக்குக் கடும் கோபம். மூன்று வருடமும் அந்தப் புத்தகத்தைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், அவர் சொன்ன அந்தச் சம்பளப் பேச்சு எவ்வளவு பழைய, எவ்வளவு பெரிய பிரச்சினை என்று புரிந்தது. இந்த ஊரிலேயே, நான் குடியிருக்கும் மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தே போய்விடக்கூடிய ஓர் இடத்தில், நூறு வருடத்துக்கு முன் ஒருவர் அந்தப் பிரச்சினையோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் நூலகரே அல்ல, கணக்கு வாத்தியார்.

*

சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதனை இன்று 'இந்திய நூலகத் துறையின் தந்தை' என்று பொதுஅறிவு வினாவிடைப் புத்தகங்களில் படிக்கிறோம். ஆகஸ்ட் 12ஆம் தேதி நூலகர் தினம் என்று படத்துக்கு மாலை போடுகிறோம். மாலைக்கு அடியில் இருக்கும் ஆள் சுவாரசியமானவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தவர். எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரின் செல்ல மாணவர். மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பேச்சில் திக்கல் உண்டு. கணக்கின் வரலாறு பற்றிக் கொஞ்சம் கட்டுரைகள் எழுதியிருந்தார்.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. சுமார் 900 விண்ணப்பங்கள். ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது, ஏனென்றால் அப்படியொரு படிப்பு இங்கே பரவலாக இல்லவே இல்லை. ஆராய்ச்சி செய்தவராக இருக்க வேண்டும் என்பது தேர்வுக்குழுவின் எதிர்பார்ப்பு. ரங்கநாதனின் கணிதக் கட்டுரைகள் அதற்கு உதவின. நூலகம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரே ஒரு கட்டுரைதான். விண்ணப்பித்ததையே மறந்துவிட்ட நிலையில்தான் நேர்காணலுக்கே போனார் என்கிறார்கள். ஜனவரி 1924இல் வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த சில வாரங்களிலேயே ஓடிவிடப் பார்த்தார். வகுப்பறையில் பையன்களின் முகத்தைப் பார்த்தே பழகிய மனிதருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. பல்கலைக்கழகத்தின் புத்தகங்கள் அப்போது சொந்தக் கட்டடத்தில்கூட இல்லை. எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டுக்குடித்தனம். வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்களோடு பேச எதுவும் இல்லை. 'என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள்' என்று போய் நின்றிருக்கிறார். அவர்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். லண்டனுக்குப் போய் நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வாரும், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்குப் பாடத்துக்கே திரும்பிவிடலாம்.

நம்முடைய நூலக வரலாற்றின் முக்கியமான திருப்பம் இப்படி, 'போர் அடிக்குது சார்' என்ற புகாரிலிருந்துதான் தொடங்கியது. எனக்கு இது பிடித்திருக்கிறது. லட்சியத்தோடு வந்தவர் என்றால் ஒருவேளை மற்றவர்களைப் போலவே சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பார்.

*

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மதிப்பெண்கள் சுமார்தான். ஆனால் கிராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகரான பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராகக் கிடைத்தார். சேயர்ஸ் அவரை நூலகம் நூலகமாகப் போய்ப் பார்க்க வைத்தார். அங்கே ரங்கநாதன் பார்த்த ஒரு விஷயம்தான் நம் கதைக்கு முக்கியம்: வாசகர்கள் தாங்களே அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்திலும் அது எப்போதும் இருந்த வழக்கமில்லை. இடைக்காலத்தில் ஹெர்ஃபோர்ட் தேவாலயம் போன்ற இடங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கிலி போய் 'இண்டிகேட்டர்' வந்தது. ஒரு பெரிய பலகை, அதில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு எண். புத்தகம் உள்ளே இருந்தால் ஒரு நிறம், வெளியே போயிருந்தால் வேறு நிறம். வாசகர் பலகை முன் நின்று எண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும், ரயில்வே டிக்கெட் கவுண்டர் மாதிரி. 1894இல் லண்டன் கிளர்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்பவர் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசகர்களை உள்ளே விட்டார். சக நூலகர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். திருட்டுப் போகும், இடம் மாறிப் போகும், கிழித்துவிடுவார்கள். நூலகத்தில் கதவைத் திறக்கச் சொன்னால் எந்த நாட்டிலும் வரும் பதில் இதுதான் போல.

ரங்கநாதன் லண்டனில் பார்த்த இன்னொன்று ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் இருந்த மெக்கானோ பொம்மை. அதே தகடு, அதே நட்டு, அதே போல்ட். சேர்க்கும் விதத்தில் ஒருமுறை பாலம், இன்னொருமுறை பளுதூக்கி. அறிவையும் இப்படிச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, வேண்டியபடி சேர்த்து எண் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஊர் திரும்பும் கப்பலிலேயே அதை வரையத் தொடங்கிவிட்டார். 1925இல் சென்னையில் இறங்கியபோது கணக்குப் பாடம் பற்றிய பேச்சே எழவில்லை.

*

திரும்பி வந்த பிறகு அவர் செய்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வேலை என்று யோசித்தால்தான் அவர் யார் என்று தெரியும்.

பூட்டிய நூலகத்தில் புத்தகத்தை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். உயரவாரியாக, வாங்கிய தேதிவாரியாக, அட்டையின் நிறவாரியாகக்கூட. எங்கே என்ன இருக்கிறது என்று சாவி வைத்திருப்பவருக்குத் தெரிந்தால் போதும். அவர் ஒரு நாள் லீவு போட்டால் நூலகத்துக்கும் லீவு. வாசகரை உள்ளே விட்டுவிட்டால் இந்த அடுக்கு பிரயோஜனமே இல்லை. உள்ளே வருகிறவர் ஒரு புத்தகத்தைத் தேடி வந்து, அதற்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றைக் கண்டெடுக்க வேண்டும். அதற்கு எல்லாப் புத்தகங்களையும் பொருள்வாரியாக மறுபடி அடுக்க வேண்டும். அடுக்க, எண் வேண்டும். எண் கொடுக்க, ஒவ்வொரு புத்தகத்தையும் யாராவது புரட்டிப் பார்க்க வேண்டும். அலமாரி ஏணி இல்லாமல் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் இரண்டு பேர் இடிக்காமல் நடக்க வழி வேண்டும். எந்த வரிசையில் என்ன என்று பலகை எழுதி மாட்ட வேண்டும். நுழையவும் வெளியேறவும் ஒரே ஒரு திட்டிவாசல், அதில் ஓர் ஆள். உள்ளே எவ்வளவு சுதந்திரமோ வாசலில் அவ்வளவு கவனம். வாசகர் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன புத்தகங்களைத் தினமும் யாராவது தேடிச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை யார் கண்ணிலும் படாது. ஒரு வாரம் நடக்காவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் அவர் எழுதியும் வைத்தார். 1935இல் வந்த நூலக நிர்வாகம் பற்றிய அவருடைய புத்தகத்தைப் புரட்டினால், ஒரு நல்ல மளிகைக்கடைக்காரர் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல வேலையை வேலையாகப் பிரித்து வைத்திருக்கிறார். வாசிக்கக் கொஞ்சம் அலுப்புதான், மறைப்பானேன். ஆனால் பெரிய பெரிய கொள்கை பேசுகிற நூலகப் புத்தகங்கள் எத்தனையோ இருக்க, திறந்த அலமாரியைத் தினசரி திறந்தே வைத்திருப்பது எப்படி என்று சொல்கிற புத்தகம் இதுதான்.

உள்ளே விட்டால் மட்டும் போதுமா? முதன்முதலாகப் பெரிய நூலகத்துக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு புத்தகத்துக்கு நடுவே என்ன கேட்பது என்றே தெரியாமல் நிற்போம். அதற்காகவே ஆட்களை வைத்தார். வாசகரிடம் போய், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டு, கூடவே நடந்து தேடித் தருவதுதான் அவர்கள் வேலை. 1940இல் சி. சுந்தரத்தோடு சேர்ந்து அந்த வேலையைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். அந்த ஆட்களைத் தயார் செய்யவும் ஒரு பள்ளி வேண்டுமே! 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் 1929இல் கோடைப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. பிறகு பல்கலைக்கழகமே அதை எடுத்துக்கொண்டது. நூலக ஊழியருக்குப் படிப்பும் கௌரவமான சம்பளமும் வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். படித்தபோது என் கல்லூரி சாவிக்காரரின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இதற்கிடையில் நூலகமும் 1928இல் எழும்பூரிலிருந்து சேப்பாக்கம் செனட் ஹவுஸுக்கு மாறி, 1936 செப்டம்பரில் கடற்கரைச் சாலையில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. கட்டடத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசைதான்: திறந்த அலமாரி முதலில், அழகான கட்டடம் அப்புறம்.

*

ஐந்து விதிகளைச் சொல்லாமல் ரங்கநாதனைப் பற்றி எழுத முடியாது. 1928இல், தான் செய்துகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான சில்லறை வேலைகளுக்கு அடியில் ஏதாவது சில அடிப்படைகள் இருக்குமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பழைய பேராசிரியர் ராஸ் வந்திருக்கிறார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்குத்தான் என்பதுதானே உன் முதல் விதி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். மற்ற நான்கும் அதிலிருந்து கிளைத்தன. அவற்றில் வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற நான்காவதுதான் எனக்கு நெருக்கம். ஒரு வாசகர் சீட்டு கொடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறார், ஒரு நாளைக்கு நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மணி நேரம் காணாமல் போகிறது. தொலைந்த புத்தகத்துக்குப் பதிவேடு உண்டு. தொலைந்த நேரத்துக்குக் கிடையாது. கணக்கு வாத்தியார் அந்த இரண்டாவது பதிவேட்டைத் திறந்தார்.

விதிகள் 1931இல் புத்தகமாக வந்தபோது சென்னை நூலகச் சங்கம் வெளியிட்டது. அறிமுகம் சேயர்ஸ் எழுதினார், முன்னுரை பி. எஸ். சிவசுவாமி ஐயர். மயிலாப்பூர்க்காரர்களுக்கு அவர் பெயர் லேடி சிவசுவாமி பெண்கள் பள்ளி வழியாகப் பழக்கம். இந்தத் தெருக்களின் வக்கீல்களும் நீதிபதிகளும் சேர்ந்துதான் அந்தக் காலத்து நூலக இயக்கத்தைத் தாங்கினார்கள் என்பது ஒரு பக்கம். அந்த நூலகத்தின் வாசகர்களும் ஏறக்குறைய அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம் என்பது இன்னொரு பக்கம். 1930களில் பல்கலைக்கழக வாசலுக்கே வந்து சேர முடியாதவர்களுக்கு, உள்ளே அலமாரி திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

ரங்கநாதனுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்தில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில், மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகம் கிளம்பியது. தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்குப் பின்னால் அவருடைய பல வருட உழைப்பு இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கலாம் என்றது சட்டம். இன்றும் சொத்து வரி கட்டும்போது அது சேர்ந்தே வருகிறது. எங்கள் அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "லைப்ரரிப் பக்கமே நான் போறதில்ல, எனக்கு எதுக்குடா இது?" பதில் சொல்லி மாளாது.

*

அவரை முழுக்கக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. மெக்கானோவிலிருந்து பிறந்த கோலன் பகுப்பு முறை 1933இல் அச்சானது. அதற்கு முன் உலகம் பயன்படுத்திய டியூவி முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதாவது 'மற்ற மொழிகள்' என்ற மூலைக்குள் போய், அங்கேயும் புள்ளி தாண்டி மூன்று இலக்கம். ஆங்கில இலக்கியத்துக்கோ 820 முழுசாகச் சொந்தம். கோலனில் இலக்கியத்துக்கு 'ஓ' எழுத்து, தமிழுக்கு 31, ஆங்கிலத்துக்கு 111. வாழ்க்கையில் முதல்முறையாக ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குச் சின்ன எண்! இதைக் கண்டுபிடித்த அன்று நண்பர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் அனுப்பினேன், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் அந்த முறை போகப் போகச் சிக்கலாகிக்கொண்டே போனது. 1933க்கும் 1960க்கும் இடையில் ஆறு பதிப்புகள். நுட்பமான ஒரு பொருளுக்குக் கோலனில் எண் எழுதினால் புத்தக முதுகில் இடம் போதாது. எழுத்து, எண், அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் கலந்து பார்க்க மந்திரத் தகடு மாதிரி இருக்கும். வாசகரை அலமாரிக்குள் விட்டவரே, பயிற்சி பெற்றவர் மட்டும் படிக்கக்கூடிய ஒரு பாஷையை அதன்மேல் எழுதி வைத்தார் என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே இருக்கிறது. நம் நாட்டிலேயே பெரும்பாலான நூலகங்கள் டியூவியோடுதான் இருக்கின்றன.

1945இல் அவர் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் தானே வகைப்படுத்திப் பட்டியலிட்டார். பிறகு டெல்லி, கடைசியில் பெங்களூர். 1972இல் அங்கேயே காலமானார். இடையில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்த ஒரு நூலகவியல் பேராசிரியர் பதவிக்கு வழி செய்தார்.

*

எல்லாப் பூட்டும் கெட்ட பூட்டு இல்லை. அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்ட முடியாது, புரட்டவும் கூடாது. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்ட புத்தகத்தை அவர்கள்தான் எடுத்து வந்து தருவார்கள். தொட்டால் உதிரும் தாளுக்கு அதுதான் மரியாதை. அதற்கு எதிர்ப்பக்கம் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்த அந்தக் கட்டடத்தை அடுத்த ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்று எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் அலமாரிகளுக்கு நடுவே தரையில் கால் நீட்டி உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

பூட்டு இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஆய்விதழ்கள் எல்லாம் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். நல்ல விஷயம், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் படிப்பை முடித்துவிட்டு வெளியே இருந்து எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு? திரையில் தலைப்பு தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது. மறுபடியும் கண்ணாடிக் கதவு, மூன்றாவது தட்டு.

*

போன மாதம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு காய்கறிக் கடையில் அந்தச் சாவிக்காரரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிவிட்டார். நான்தான் அடையாளம் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டேன். பேச்சோடு பேச்சாக, மத்திய அரசின் நிதி விதிகளில் நூலகங்களுக்கு ஒரு சலுகை உண்டு என்று சொன்னேன். வருடத்துக்கு ஆயிரம் புத்தகம் புழங்கினால் ஐந்து தொலைவது இயல்பு, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணம் இல்லையென்றால் யாரையும் பிடிக்க வேண்டாம் என்று அதில் எழுதியே இருக்கிறது. எங்கள் கல்லூரி தனியார் கல்லூரி. அந்த விதி அங்கே செல்லாது என்பதையும் சொன்னேன்.

"ஆயிரத்துக்கு அஞ்சா?" வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்களுக்கு ஒண்ணுன்னாலே மெமோ. என் சர்வீஸ் பூரா மொத்தம் ரெண்டே ரெண்டு புக்குதாம்ப்பா போச்சு. வேற எந்தக் காலேஜ்லயும் அப்படி இருந்திருக்காது."

"வெளிய எத்தனை போச்சு சார்? பசங்க எத்தனை எடுத்துட்டுப் போய்ப் படிச்சிருப்பாங்க?"

"அதை யாருப்பா கேட்டாங்க?" என்றவர், கடைக்காரரிடம் திரும்பி அரைக் கிலோ போடச் சொன்னார்.